அசெம்பிள் ஆம்ப்ல ஹம்மிங், ப்ளூடூத் போட்டா கீச்சு சத்தம் - எங்க இருந்து வருதுன்னு கண்டுபிடிக்க உதவி வேணும்

வால்யூம்_நாப்:
எல்லாருக்கும் வணக்கம். ஹால்ல வைக்கறதுக்கு ஒரு ஸ்டீரியோ ஆம்ப் அசெம்பிள் பண்ணி வாங்கிருக்கேன். டிடிஏ 7294 ஐசி போட்ட பவர் போர்டு ரெண்டு, 24-0-24 அஞ்சு ஆம்பியர் ட்ரான்ஸ்பார்மர், பேஸ் ட்ரெபிள் ப்ரீ போர்டு ஒண்ணு, முன் பேனல்ல யூஎஸ்பி ப்ளூடூத் எஃப்எம் போர்டு. ஸ்பீக்கர் 8 இன்ச் வூஃபர் போட்ட ரெண்டு பாக்ஸ். டிவில இருந்து ஹெட்போன் ஜாக் வழியா ஆர்சிஏ வயர் வருது.
பாட்டு நல்லா சத்தமா ஓடும்போது ஒண்ணும் தெரியல, பேஸ் எல்லாம் அருமையா இருக்கு. ஆனா அப்பா ராத்திரி பத்து மணிக்கு மேல பழைய பாட்டு கேப்பார், வால்யூம் ரொம்ப கம்மியா வச்சு. அப்பதான் பிரச்சனை. டிவி மோட்ல வச்சா "ம்ம்ம்ம்"னு ஒரு ஹம்மிங், ப்ளூடூத் மோட்ல வச்சா ஹம் கம்மி ஆனா "கீஈஈ"ன்னு மெல்லிசா ஒரு கீச்சு, நடுநடுவுல டிக் டிக்னு வேற. கடையில கேட்டா கெப்பாசிட்டரை பெருசு பண்ணினா போயிடும்ங்கறாங்க, இன்னொருத்தர் ட்ரான்ஸ்பார்மரையே மாத்தணும்ங்கறார். எதை நம்பி காசு போடறதுன்னு தெரியல. விஷயம் தெரிஞ்சவங்க வழி சொல்லுங்க ப்ளீஸ்.

பேஸ்_பிரியன்:
ஆர்சிஏ வயர் என்ன வயர் ப்ரோ? சாதா மெல்லிசு வயர்னா நல்ல ஷீல்டு வயரா (உள் வயரை சுத்தி கம்பி வலை போட்டது) மாத்தி பாருங்க, எனக்கு அதுலயே போச்சு.

ஈயப்புகை:
தம்பி, முதல்ல எதுவும் வாங்காதீங்க. கெப்பாசிட்டரும் வேணாம் ட்ரான்ஸ்பார்மரும் வேணாம். நீங்க எழுதினதுலயே பாதி பதில் இருக்கு. டிவி மோட்ல ஒரு சத்தம், ப்ளூடூத் மோட்ல வேற சத்தம். பவர் சப்ளைல கோளாறுன்னா எந்த மோட்ல வச்சாலும் ஒரே மாதிரி வரணும். இது ரெண்டு தனித்தனி பிரச்சனை, ரெண்டும் தனித்தனி வழியா உள்ள வருது. ஒண்ணை சரி பண்ணிட்டு இன்னொண்ணு போகலையேன்னு மண்டைய உடைச்சுக்கறவங்க நிறைய பேர், அதனால ஒவ்வொண்ணா பிரிச்சு பாப்போம்.
முதல் வேலை, வால்யூம் நாபை முழுசா கொறைச்சு ஜீரோல வையுங்க. அப்பவும் ஹம் அதே அளவு வந்தா பிரச்சனை வால்யூமுக்கு அப்புறம், அதாவது பவர் போர்டு, சப்ளை, உள் வயரிங். கொறைச்சா ஹம்மும் கொறைஞ்சா வால்யூமுக்கு முன்னாடி, அதாவது ப்ரீ, இன்புட் வயர், டிவி. இந்த ஒரு சோதனைக்கே பாதி சந்தேகம் தீந்துடும்.
அடுத்து டிவி வயரை ஆம்ப்ல இருந்து கழட்டுங்க. கழட்டறதுக்கும் மாட்டறதுக்கும் முன்னாடி ஆம்பை ஆஃப் பண்ணிடுங்க, ஏன்னா ஆர்சிஏல நடு பின் தான் முதல்ல தொடும், எர்த் அப்புறம்தான் தொடும், அந்த இடைவெளில ஸ்பீக்கர்ல "டொம்"னு ஒரு அடி விழும், அது ஸ்பீக்கருக்கு நல்லதில்ல. கழட்டின இடத்துல சும்மா ஓப்பனா விடாதீங்க, ஓப்பன் இன்புட் ஆன்டெனா மாதிரி காத்துல இருக்கறதை எல்லாம் இழுக்கும். ஒரு பழைய ஆர்சிஏ பின்னை எடுத்து நடு பின்னையும் வெளி வளையத்தையும் சேத்து சால்டர் பண்ணி அதை மாட்டுங்க, ஷார்ட்டிங் பின்னுனு சொல்வோம். அப்ப கேளுங்க, ஹம் இருக்கா இல்லையான்னு.
மூணாவது, டிவில ஓடறது செட்டாப் பாக்ஸா? கேபிள் லைனா டிஷ்ஷா? ஆம்புக்கு மூணு பின் ப்ளக்கா ரெண்டு பின்னா? இதெல்லாம் எழுதுங்க.

சத்தமா_வை:
இவ்ளோ எல்லாம் வேணாம் ப்ரோ. ஆம்ப் ப்ளக்குல அந்த மேல இருக்கற பெரிய பின்னு இருக்குல்ல, எர்த்து, அந்த வயரை மட்டும் கட் பண்ணி விட்டுடுங்க. எங்க வீட்ல அப்படித்தான் பண்ணேன், அந்த நிமிஷமே ஹம் போச்சு, செலவே இல்ல.

த்ரீபேஸ்:
@வால்யூம்_நாப் தயவு செஞ்சு அதை பண்ணாதீங்க. நான் வீட்டு வயரிங் வேலை பாக்கறவன், இதை கையெடுத்து கும்பிட்டு கேட்டுக்கறேன். உங்க ஆம்ப் மெட்டல் கேபினெட். ட்ரான்ஸ்பார்மர்ல ப்ரைமரி இன்சுலேஷன் போச்சுன்னாலோ, உள்ள ஒரு 230 வோல்ட் வயர் சால்டர் விட்டு கழண்டு பாடில பட்டாலோ, எர்த் இருந்தா ஃப்யூஸ் போகும் இல்ல ட்ரிப் ஆகும், அதோட முடிஞ்சுது. எர்த் இல்லேன்னா அந்த 230 வோல்ட் அப்படியே கேபினெட்ல உக்காந்திருக்கும், யாராவது தொடற வரைக்கும். அது மட்டுமா, ஆர்சிஏ வயர் ஷீல்டு வழியா டிவிக்கும் போகும், டிவி ஸ்டாண்டுக்கும் போகும். வீட்ல குழந்தைங்க இருப்பாங்க, ஈரக் கையோட யாராவது வால்யூம் திருப்புவாங்க. ஹம்மை விட உயிர் பெருசு.
@சத்தமா_வை நீங்களும் இன்னைக்கே அந்த வயரை திரும்ப போட்டுடுங்க நண்பா. அப்படியே மெயின் போர்டுல 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (லீக்கேஜ் வந்தா கரண்டை கட் பண்ற ட்ரிப் சுவிட்ச்) இருக்கான்னும் பாத்துடுங்க.

சத்தமா_வை:
சரிங்க, திரும்ப போட்டுடறேன். ஆனா ஒரு கேள்வி. எர்த் தான் பாதுகாப்புன்னா அதை எடுத்ததும் ஏன் ஹம் போச்சு? அப்ப எர்த்துல தானே கோளாறு?

ஈயப்புகை:
நல்ல கேள்வி தம்பி, இதுல தான் எல்லாரும் குழம்பறாங்க. எர்த்துல கோளாறு இல்ல, எர்த்துக்கு ரெண்டு வழி இருக்கறதுதான் கோளாறு. உங்க ஆம்ப் மூணு பின் ப்ளக் வழியா வீட்டு எர்த்துல உக்காந்திருக்கு. அதே ஆம்ப் ஆர்சிஏ ஷீல்டு வழியா டிவிக்கு போகுது, டிவில இருந்து எச்டிஎம்ஐ வயர் ஷீல்டு வழியா செட்டாப் பாக்ஸுக்கு போகுது, பாக்ஸ்ல இருந்து கேபிள் கோயாக்ஸ் வழியா தெருவுக்கே போகுது, அங்க போஸ்ட்ல எங்கயோ கேபிள்காரர் ஆம்ப்ளிஃபையர்ல அதுக்கு வேற ஒரு எர்த். உங்க வீட்டு எர்த்து குழிக்கும் தெரு எர்த்துக்கும் நடுவுல ஒரு வோல்ட்டோ ரெண்டு வோல்ட்டோ வித்தியாசம் எப்பவும் இருக்கும். அந்த வித்தியாசம் சும்மா இருக்குமா, வளையம் கிடைச்சதும் கரண்டா ஓடும், ஓடறதுக்கு அதுக்கு கிடைக்கற வழி உங்க மெல்லிசு ஆர்சிஏ ஷீல்டு. அந்த ஷீல்டுல விழற வோல்டேஜ் அப்படியே சிக்னலோட சேந்துக்கும்.
கணக்கு பாருங்க. 7294 போர்டுல வழக்கமா 22கே, 680 ஓம்ஸ் ரெசிஸ்டர் போட்டிருப்பாங்க, கெய்ன் சுமார் 30 டெசிபெல், அதாவது முப்பது மடங்குக்கு மேல. ஷீல்டுல ஒரே ஒரு மில்லிவோல்ட் 50 ஹெர்ட்ஸ் ஏறினா போதும், ஸ்பீக்கர்ல 30 மில்லிவோல்ட்டுக்கு மேல வந்து நிக்கும், ராத்திரி அமைதில அது நல்லாவே கேக்கும். நீங்க எர்த் பின்னை வெட்டினதும் வளையம் அறுந்துச்சு, அதனால ஹம் போச்சு. வளையத்தை அறுக்கணும் அது சரி, ஆனா அறுக்க வேண்டிய இடம் சிக்னல் பக்கம். எர்த் பக்கம் எப்பவும் கை வைக்கக்கூடாது.

பேஸ்_பிரியன்:
அப்ப நான் ஷீல்டு வயர் மாத்தினதும் போச்சே, அது எப்படிங்க?

ஈயப்புகை:
உங்க பழைய வயர்ல ஷீல்டு அறுந்திருக்கும் இல்ல ஜாயின்ட் லூஸா இருந்திருக்கும். அப்ப வர்றது வேற மாதிரி ஹம், கையால வயரை அசைச்சா கூடும் கொறையும், பின்னை தொட்டா மாறும். அதுக்கு வயர் மாத்தறது சரியான வைத்தியம். இவருக்கு வயர் மாத்தினா தீராதுன்னு நினைக்கறேன், பதில் வரட்டும்.

டொராண்டோ_தமிழன்:
ஒரு சின்ன டிப். போன்ல டோன் ஜெனரேட்டர் ஆப் ஒண்ணு போட்டு ஹெட்போன்ல 50 ஹெர்ட்ஸ் வச்சு கேளுங்க, அப்புறம் 100 வச்சு கேளுங்க, உங்க ஹம் எதோட ஒத்து போகுதுன்னு பாருங்க. எர்த் லூப், ட்ரான்ஸ்பார்மர் காந்த புலம் இதெல்லாம் பெரும்பாலும் 50. ஃபில்டர் கெப்பாசிட்டர் வீக்கா இருந்தா 100, ஏன்னா ஏசியை டிசி ஆக்கற டயோடு ப்ரிட்ஜ் ரெண்டு பக்க அலையையும் நிமித்திடும். இங்க எங்களுக்கு 60, 120.

வால்யூம்_நாப்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, எர்த்துல கை வைக்க மாட்டேன், சத்தியமா. சொன்ன மாதிரி எல்லாம் பண்ணி பாத்துட்டேன்.
வால்யூம் ஜீரோல வச்சா ஹம் கிட்டத்தட்ட போயிடுது, வூஃபர்ல காதை ஒட்ட வச்சா மட்டும் லேசா ஒண்ணு கேக்குது. டிவி வயரை எடுத்துட்டு ஷார்ட்டிங் பின் மாட்டினா வால்யூம் எவ்ளோ வச்சாலும் அமைதி. டிவி வயரை திரும்ப மாட்டி, செட்டாப் பாக்ஸ் பின்னாடி இருக்கற கேபிளை திருகி கழட்டினேன், கழட்டின நொடி ஹம் நின்னுடுச்சு! திரும்ப கேபிள் நுனிய பாக்ஸ்ல தொட வச்சாலே வருது. ஆம்ப் மூணு பின், பாக்ஸ் அடாப்டர் ரெண்டு பின், டிவியும் ரெண்டு பின். டோன் ஆப்ல 50 தான் ஒத்து போகுது.
ப்ளூடூத் கீச்சு மட்டும் அப்படியே இருக்கு, டிவி வயர் இருந்தாலும் இல்லாட்டியும்.

த்ரீபேஸ்:
கேபிளை கழட்டும்போது கை சுர்ருன்னுச்சா? டெஸ்டர் வச்சு கோயாக்ஸ் ஓரத்துல பாத்தீங்களா? ரெண்டு பின் அடாப்டர் நிறையத்துல உள்ள ஒரு சின்ன கெப்பாசிட்டர் மெயின்ஸ்ல இருந்து வெளிப்பக்கத்துக்கு போட்டிருப்பாங்க, அதனால லேசா சுர்ருன்னு வர்றது சகஜம், டெஸ்டரும் மங்கலா எரியும். ஆனா கோயாக்ஸ பாக்ஸ்ல இருந்து கழட்டினப்புறமும் அந்த தனி வயர் ஓரத்துல டெஸ்டர் பளிச்சுன்னு எரிஞ்சா அது தெருவுல இருந்து வர்ற லீக்கேஜ், உடனே கேபிள்காரரை கூப்பிட்டு சொல்லணும். அதே மாதிரி சாக்கெட்ல மல்டிமீட்டர் வச்சு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் பாருங்க, 230 பக்கம் வரணும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒண்ணு ரெண்டு வோல்ட்டுக்குள்ள இருந்தா நல்லது. அதிகமா காட்டினா எர்த்து குழி காஞ்சு போயிருக்கலாம், எலக்ட்ரீஷியனை கூப்பிட்டு பாக்க சொல்லுங்க, வெயில் காலத்துல தண்ணி ஊத்தறதும் அதுக்குத்தான்.

வால்யூம்_நாப்:
சுர்ருன்னு இல்லண்ணா. டெஸ்டர் கோயாக்ஸ்ல எரியல. ஃபேஸ் எர்த் 228 காட்டுது, நியூட்ரல் எர்த் ஒரு வோல்ட்டுக்கு கொஞ்சம் மேல.

ஈயப்புகை:
அருமை, டிவி பக்கத்து ஹம் மாட்டிக்கிச்சு. பாக்ஸுக்கு கேபிள் வேணும், அதனால வளையத்தை வேற இடத்துல அறுக்கணும். உங்க டிவி பின்னாடி ஆப்டிக்கல் அவுட்னு ஒரு சதுர ஓட்டை இருக்கா பாருங்க, சின்ன மூடி போட்டு உள்ள செவப்பா வெளிச்சம் தெரியும். இருந்தா ஒரு ஆப்டிக்கல் வயரும் ஒரு சின்ன டாக் பாக்ஸும் (டிஜிட்டல் சிக்னலை ஆம்புக்கு ஏத்த ஆடியோவா மாத்தற டப்பா) வாங்குங்க. சிக்னல் வெளிச்சமா போறதால டிவிக்கும் ஆம்புக்கும் நடுவுல செம்புன்னு ஒண்ணுமே இருக்காது, வளையம் அங்கயே முடிஞ்சுது. டாக் பாக்ஸுக்கு கரண்ட் தனி அடாப்டர்ல குடுங்க, டிவி யூஎஸ்பில இருந்து எடுத்தா அந்த வயர் வழியா திரும்ப வளையம் போட்டுடும், நிறைய பேர் இங்கதான் கோட்டை விடுவாங்க. டிவி செட்டிங்ல டிஜிட்டல் ஆடியோ அவுட்டை பிசிஎம்னு வையுங்க, டால்பில இருந்தா அந்த சின்ன பாக்ஸுக்கு புரியாது, சத்தம் வராது. ஒரு குறை, பல டிவில ஆப்டிக்கல் போட்டா டிவி ரிமோட்ல வால்யூம் வேலை செய்யாது, ஆம்ப்ல தான் கூட்டி கொறைக்கணும்.
ஆப்டிக்கல் இல்லேன்னா கோயாக்ஸுக்கே ஒரு ஐசொலேட்டர் வருது, சிக்னலை போக விட்டு செம்பு தொடர்பை மட்டும் அறுக்கும், அது இல்லேன்னா ஆர்சிஏ வயர்ல போடற ஐசொலேஷன் ட்ரான்ஸ்பார்மர் டப்பா. இந்த டப்பாவை நான் கடைசியா தான் சொல்லுவேன். விலை கம்மி டப்பாவுல கோர் சின்னது, பேஸை கடிச்சுடும், 8 இன்ச் வூஃபர் வச்சுக்கிட்டு அதை இழக்கறது எனக்கு மனசு வரல.

மாடிவீட்டு_ரேடியோ:
அந்த ப்ளூடூத் கீச்சு பத்தி நான் சொல்றேன் தம்பி, இதோட நானும் நிறைய மல்லுக்கட்டிருக்கேன். அசெம்பிள் ஆம்ப்ல நிறைய பேருக்கு வர்ற தொல்லை இது. கடையில என்ன பண்ணுவாங்கன்னா ப்ரீ போர்டுக்கு போற சப்ளையையே ப்ளூடூத் போர்டுக்கும் குடுத்துடுவாங்க. ப்ளூடூத் போர்டு உள்ள இருக்கறது ஒரு குட்டி கம்ப்யூட்டர், அது கரண்டை சீரா இழுக்காது, துடிச்சு துடிச்சு இழுக்கும். அந்த துடிப்பு மைனஸ் வயர் வழியா திரும்பி வரும்போது, அதே மைனஸ் தான் ஆடியோவுக்கும் எர்த், ஆடியோ ஷீல்டு வயர் வழியாவும் ஒரு பங்கு ஓடும். அந்த துடிப்பைத்தான் நீங்க கீச்சுன்னு கேக்கறீங்க. கெப்பாசிட்டர் எவ்ளோ பெருசா போட்டாலும் போகாது, ஏன்னா பிரச்சனை ப்ளஸ்ல இல்ல, மைனஸ்ல.
முதல்ல உறுதி பண்ணிக்கோங்க. ப்ளூடூத் போர்டுக்கு போற சப்ளை ரெண்டு வயரையும் எடுத்துட்டு வெளில இருந்து தனி சப்ளை குடுங்க. 5 வோல்ட் போர்டுனா பவர் பேங்க் போதும். கீச்சு போச்சுன்னா சந்தேகமே இல்ல.
அப்புறம் நிரந்தர வழி ரெண்டு. 5 வோல்ட் போர்டா இருந்தா பி 0505 எஸ்னு நாலு கால் வச்ச சின்ன கறுப்பு மாட்யூல் கிடைக்கும், 5 வோல்ட் உள்ள 5 வோல்ட் வெளில, ஆனா ரெண்டுக்கும் நடுவுல நேர் தொடர்பு கிடையாது. ஒரு வாட் மாட்யூல் 200 மில்லி ஆம்பியர் தான் தாங்கும், வெறும் ப்ளூடூத்துக்கு சரி, பெரிய பென்டிரைவ், எல்ஈடி டிஸ்ப்ளே எல்லாம் இருந்தா ரெண்டு வாட் வாங்குங்க. 12 வோல்ட் போர்டா இருந்தா அதுக்குன்னு தனியா ஒரு சின்ன ட்ரான்ஸ்பார்மர், ப்ரிட்ஜ், 7812 ரெகுலேட்டர் போடறது தான் சுலபம்.
ரொம்ப முக்கியம்: மாட்யூலோட இன்புட் மைனஸும் அவுட்புட் மைனஸும் எங்கயும் ஒட்டக்கூடாது. போர்டுல இருக்கற யூஎஸ்பி சாக்கெட் மெட்டல் ஓடு மைனஸோட சேந்திருக்கும், அது ஆம்ப் மெட்டல் பேனல்ல பட்டாலும் திரும்ப ஒட்டிக்கும், அப்புறம் மாட்யூல் போட்டும் போகலையேன்னு இருக்கும். பேனல் ஓட்டைய கொஞ்சம் பெருசு பண்ணி சுத்தி இன்சுலேஷன் டேப் ஒட்டுங்க, ஸ்க்ரூவுக்கு ப்ளாஸ்டிக் வாஷர் போடுங்க.

ஈயப்புகை:
அக்கா சொன்னதுல ஒரு வார்த்தை கூட மாத்த வேண்டாம். உள்ள கை வைக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும். ப்ளக்கை சாக்கெட்ல இருந்தே கழட்டிடுங்க, சுவிட்ச் ஆஃப் மட்டும் பத்தாது. 24-0-24 நிமித்தினா ப்ளஸ் 34, மைனஸ் 34 வரும், முனைக்கு முனை 68. கழட்டினப்புறமும் கெப்பாசிட்டர்ல நிக்கும். 100 ஓம்ஸ் அஞ்சு வாட் ரெசிஸ்டர் வச்சு ரெண்டு பக்கமும் இறக்கிட்டு மீட்டர்ல பாத்துட்டு தொடுங்க, ஸ்க்ரூ டிரைவர் வச்சு ஷார்ட் பண்ணாதீங்க, பொறி பறக்கும், கெப்பாசிட்டரும் கெடும்.
காதை ஒட்டினா கேக்கற அந்த லேசான ஹம்முக்கு, மேல் மூடிய திறந்து வால்யூம்ல இருந்து பவர் போர்டுக்கு போற சிக்னல் வயர் ட்ரான்ஸ்பார்மர் பக்கத்துல போகுதான்னு பாருங்க. ஈஐ கோர் ட்ரான்ஸ்பார்மர்னா காந்த புலம் வெளில நிறைய சிந்தும். ஸ்க்ரூவை லூஸ் பண்ணி ட்ரான்ஸ்பார்மரை 90 டிகிரி திருப்பி வச்சாலே சில சமயம் பெரிய வித்தியாசம் தெரியும்.

நடுராத்திரி_பாட்டு:
நடுவுல வந்து கேக்கறதுக்கு மன்னிக்கணும். எனக்கு ஹம் இல்ல, "ஸ்ஸ்ர்ர்ர்"னு கரகரப்பா ஒண்ணு. ஃபேன் ஓடினா மட்டும் வருது, அதுவும் ஃபேனை 2ல 3ல வச்சாதான், ஃபுல் ஸ்பீடுல வராது. ஆம்ப் பழையதுன்னு மாத்தலாம்னு இருக்கேன்.

த்ரீபேஸ்:
ஆம்பை மாத்தாதீங்க, ரெகுலேட்டரை மாத்துங்க. திருகற மாதிரி சின்ன எலக்ட்ரானிக் ரெகுலேட்டர்ல உள்ள ட்ரையாக் இருக்கும், அது கரண்ட் அலையை செகண்டுக்கு 100 தடவை வெட்டி வெட்டி விடும், அந்த வெட்டுதான் ஆம்ப்ல ஸ்ர்ர்னு கேக்குது. ஃபுல்ல வச்சா வெட்டு கிட்டத்தட்ட இருக்காது, அதான் அப்ப அமைதி. கெப்பாசிட்டர் வச்ச ஸ்டெப் ரெகுலேட்டர் வாங்கி போடுங்க, அது அலையை வெட்டாது. கரண்ட் போய் இன்வெர்ட்டர்ல ஓடும்போது மட்டும் சத்தம் வர்றவங்களும் இதே மாதிரி பாருங்க, ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்னா ட்ரான்ஸ்பார்மரே உறுமும், சைன் வேவ்ல வராது.

வால்யூம்_நாப்:
அப்டேட். டிவில ஆப்டிக்கல் இருந்துச்சு, டாக் பாக்ஸ் தனி அடாப்டர்ல போட்டேன். ஹம் சுத்தமா இல்ல. முதல்ல சத்தமே வரல, ஈயப்புகை அண்ணா சொன்னது ஞாபகம் வந்து பிசிஎம் மாத்தினதும் வந்துடுச்சு.
ப்ளூடூத் போர்டு 5 வோல்ட் தான். பவர் பேங்க்ல குடுத்து பாத்தேன், கீச்சும் டிக் டிக்கும் அப்படியே காணாம போச்சு. அப்புறம் ரெண்டு வாட் மாட்யூல் போட்டேன், ஆனா முதல்ல கீச்சு பாதி தான் கொறைஞ்சுது. மாடிவீட்டு அக்கா எழுதினதை திரும்ப படிச்சுட்டு மீட்டர் வச்சு பாத்தா யூஎஸ்பி ஓடு பேனல் ஓரத்துல பட்டுக்கிட்டு இருந்துச்சு, டேப் ஒட்டினதும் முழுசா போயிடுச்சு. ட்ரான்ஸ்பார்மரை திருப்பி வச்சதுல காதோர ஹம்மும் நல்லா கொறைஞ்சிருக்கு.
இப்ப மிச்சம் இருக்கறது ட்வீட்டர் கிட்ட காதை கொண்டு போனா "ஸ்ஸ்ஸ்"னு ஒரு மெல்லிசு சத்தம். ஒரு சாண் தள்ளினா கேக்கல. இதுக்கும் ஏதாவது பண்ணணுமா? அப்புறம் மாட்யூல் தொட்டா லேசா சூடா இருக்கு, பரவாயில்லையா?

ஈயப்புகை:
அந்த ஸ்ஸ்ஸ் விட்டுடுங்க தம்பி. ரெசிஸ்டர், ஐசி எல்லாத்துலயும் இயல்பா வர்ற இரைச்சல் அது, விலை கூடின ஆம்ப்லயும் காதை ஒட்டினா கேக்கும். உக்காந்து கேக்கற இடத்துல கேக்கலேன்னா போதும். ப்ரீ போர்டுல ட்ரெபிள் நாப் ரொம்ப ஏத்தி வச்சிருந்தா நடுவுக்கு கொண்டு வாங்க, இன்னும் கொறையும்.

மாடிவீட்டு_ரேடியோ:
மாட்யூல் லேசா சூடானா பரவாயில்ல, விரலை வச்சுக்க முடியாத அளவுக்கு கொதிச்சா தான் கவலைப்படணும். அவுட்புட்ல ஒரு 10 எம்எஃப்டி (மைக்ரோ ஃபாரட்) கெப்பாசிட்டர் கால் கிட்டயே போட்டிருக்கீங்களா? இல்லேன்னா போட்டுடுங்க, ஆனா ரொம்ப பெருசா போடாதீங்க, ஆன் பண்ணும்போது மாட்யூல் திணறும்.

வால்யூம்_நாப்:
போட்டுட்டேன்கா, 10 தான். ட்ரெபிளும் நடுவுக்கு வச்சாச்சு.

சத்தமா_வை:
எர்த் வயரை திரும்ப போட்டுட்டேன், ஹம்மும் திரும்ப வந்துடுச்சு. எங்க வீட்லயும் கேபிள் தான், கழட்டி பாத்தா நிக்குது. டிவில ஆப்டிக்கல் ஓட்டை இல்ல, அந்த கோயாக்ஸ் ஐசொலேட்டர் எங்க கிடைக்கும்?

ஈயப்புகை:
டிவி ஆன்டெனா சாமான் விக்கற எலக்ட்ரானிக்ஸ் கடையில கேளுங்க, இல்ல ஆன்லைன்ல கேல்வானிக் ஐசொலேட்டர்னு தேடுங்க. வாங்கும்போது பாக்ஸ் சிக்னல் அலைவரிசைக்கு ஏத்ததான்னு பாத்து வாங்குங்க. டிஷ்ஷா இருந்தா இது வேலைக்கு ஆகாது, டிஷ் எல்என்பிக்கு (டிஷ் முன்னாடி இருக்கற ரிசீவர் தலை) அதே வயர்ல தான் கரண்ட் போகும், ஐசொலேட்டர் அதை தடுத்துடும். உங்களுக்கு கேபிள்ங்கறதால சரி. பாக்ஸ் பின்னாடியே மாட்டிடுங்க.